தொலைந்த பொருளும் திரும்பிய வழியும்

கண்டி வாவிக் கரையிலே மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும். உலகத்து இளைஞரிற் பாதிப்பேர் முதுகிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டனரோ என்று எண்ணத் தோன்றும். தலதா மாளிகையின் வெண்சுவரைப் பார்த்தபடி நிற்கும் அவ்விளைஞருள் சீன தேசத்தவரும் உளர். கண்கள் மாளிகையை நோக்கினாலும் கை மட்டும் அடிக்கடி இடுப்புப் பையைத் தொட்டுப் பார்க்கும். கடவுச்சீட்டும் காசும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்ற கவலை அது. பிறந்த ஊரிலே பொருளைத் தொலைத்தவனுக்கு உதவ அயலார் பத்துப் பேர் வருவர். மொழி தெரியாத ஊரிலே தொலைத்தவன் என்ன செய்வான்?

இக்கேள்வியை ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை சில காலத்துக்கு முன் எமக்கே ஏற்பட்டது. நாம் பொருளைத் தொலைத்தது பிற தேசத்தில் அன்று. இருபது ஆண்டுகளாக நாம் ஆசிரியத் தொழில் செய்துவரும் இக்கண்டி மாநகரின் அருகிலேதான். ஆயினும் தொலைந்த பொருள் எம்முடையது அன்று. அதுவே எம் துயரத்தைப் பன்மடங்காக்கியது.

பாட்டனாரின் பத்திரம்

எமது கல்லூரி மாணவர் ஒரு வரலாற்றுக் கண்காட்சி நடத்த விரும்பினர். மலையகத் தமிழ் மக்களின் கதையை, அவரவர் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய பத்திரங்களைக் கொண்டே சொல்வது என்பது அவர்கள் திட்டம். ஹந்தானை மலைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கொண்டுவந்து எம்மிடம் தந்தாள். அதனை ஒரு காகித உறைக்குள் வைத்து, உறையின் மேலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் “இது என் பாட்டனாரின் பத்திரம்” என்று எழுதி, கல்லூரியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அடியிற் சேர்த்திருந்தாள்.

“ஒரு தாளுக்கு மூன்று மொழியிலா காவல்?” என்று நாம் நகைத்தோம்.

அத்தாளின் அருமையை இளைய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலே பாடுபட்ட இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டில் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய தீர்மானம் 1974-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அதன் பின்னரும் தீராத குறையைத் தீர்க்க 2003-இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. ஆகவே, அம்மாணவி தந்தது வெறுங் காகிதம் அன்று. ஒரு குடும்பம் இழந்து, காத்திருந்து, மீட்டெடுத்த மானம் அது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவ்வுறையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, பிரதி எடுப்பதற்காக நகருக்குச் சென்றோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகிலிருந்த கடையிலே கூட்டம் மிகுதியாக இருந்தது. “திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்று திரும்பினோம். மழை பிடித்துக்கொண்டது. மாத்தளைக்குச் செல்லும் பஸ் ஒன்றில் ஏறி, தலைக்கு மேலிருந்த தட்டிலே பையை வைத்தோம். கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, மகாவலிப் பாலத்தருகே நின்றபோது கையிலே குடை இருந்தது, பை இல்லை.

பஸ்ஸின் பின்னால் ஓடினோம். அது போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் மாத்தளை வரை சென்று, தரிப்பிடத்தில் விசாரித்தோம். பொலிஸிலே முறைப்பாடு எழுதினோம். “உறைக்குள் என்ன இருந்தது?” என்று கேட்டார்கள். “ஒரு பழைய தாள்” என்பதற்கு மேல் எம்மால் எதுவும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை தோட்டத்துக்குச் சென்றோம். லயத்து வாசலிலே அம்மாணவியின் தந்தையார் எமக்கு ஒரு நாற்காலியை இட்டு, தாம் நின்றுகொண்டே கேட்டார். நாம் சொல்லி முடித்தபின் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “சேர், அதுல ஒரு நம்பர் இருந்துச்சே. அதை எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?” என்றார்.

மன்னர்களின் ஆண்டுகளை எல்லாம் மாணவரை ஒப்புவிக்கச் செய்யும் நாம், எம் கையில் ஒப்படைக்கப்பட்ட தாளின் இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்திலேனும் குறித்திருக்கவில்லை. அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பாலைவனத்தில் சிந்திய நீர்

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வகுப்பிலே ஆண்டுதோறும் கற்பிக்கும் இரு சீன யாத்திரிகர் நினைவில் வந்தனர். பாகியான், யுவான் சுவாங் என்ற பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்யாத மாணவர் நம்மிடையே இல்லை. ஆனால், அவ்விருவரும் வழியிலே எதை இழந்தனர், எதை மீட்டனர் என்று நாம் எவரும் வினவுவதில்லை.

யுவான் சுவாங் கி. பி. 629-ஆம் ஆண்டளவில் சீனாவிலிருந்து புறப்பட்டார். எல்லையைக் கடந்து செல்லலாகாது என்று அரசாணை இருந்தமையால், ஒளிந்தே செல்ல வேண்டியிருந்தது. மேற்கெல்லைப் பாலைவனத்தைத் தனியே கடக்கையிலே வழி தவறினார். நீர் அருந்துவதற்காக எடுத்த தோற்பை கைநழுவி விழுந்தது. பல நாட்களுக்கு வைத்திருந்த நீர் அனைத்தையும் ஒரு கணத்தில் மணல் குடித்துவிட்டது. சிறிது தூரம் திரும்பி நடந்தார். பின்னர், இந்தியாவை அடையாமல் கிழக்கே ஓரடியும் வைப்பதில்லை என்று தாம் செய்த சபதம் நினைவுக்கு வர, மீண்டும் மேற்கு நோக்கினார். நான்கு இரவும் ஐந்து பகலும் நாவறண்டு கிடந்து, இறுதியிலே குதிரை தானே கண்டுபிடித்த புல்வெளியிலும் நீர்நிலையிலும் உயிர் பிழைத்தார் என்பது அவர் சரிதை கூறும் செய்தி.

பஞ்சாபிலே ஒரு காட்டில் கள்வர் கூட்டம் அவரையும் உடன் சென்றோரையும் மறித்து, உடுத்திருந்த ஆடை உட்பட அனைத்தையும் பறித்துக்கொண்டது. தப்பி ஓடியவர்கள், வயலில் உழுதுகொண்டிருந்த பிராமணர் ஒருவரைக் கண்டு முறையிட்டனர். அவர் சங்கு ஊதி, முரசு முழக்கி ஊரைத் திரட்டினார். கள்வர் ஓடிவிட்டனர், ஊரார் தத்தம் ஆடைகளைப் பகிர்ந்தளித்தனர். மற்றவர்கள் எல்லாம் பொருள் போயிற்றே என்று அழ, யுவான் சுவாங் மட்டும் நகைத்தாராம். உயிரே முதற் பொருள். அது எஞ்சியிருக்கையில் ஏனையவற்றுக்காக அழுவது ஏன் என்பது அவர் கருத்து.

எனினும், எல்லாவற்றையும் அவர் நகைத்துத் தள்ளிவிடவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தாயகம் திரும்பும் வழியிலே சிந்து நதியைக் கடந்தபோது, அவர் யானை மீது சென்றார். ஏடுகள் ஓடத்தில் வந்தன. நடு ஆற்றிலே காற்றும் அலையும் எழுந்து ஓடத்தைப் புரட்டின. ஏடுகளைக் காத்துவந்தவர் நீரில் விழுந்து, அரும்பாடுபட்டு மீட்கப்பட்டார். ஐம்பது ஏட்டுச் சுவடிகளும், ஆசையோடு சேர்த்த பூ விதைகளும் ஆற்றோடு போயின. ஆடை போனபோது நகைத்தவர் இப்போது நகைக்கவில்லை. அக்கரையிலேயே ஐம்பது நாட்களுக்கு மேல் தங்கி, அயல் நாடாகிய உத்தியானத்துக்கு ஆட்களை அனுப்பிச் சுவடிகளைப் பிரதி செய்வித்தார்.

இருபது குதிரைகளின் மீது 657 நூல்களை ஏற்றிக்கொண்டு 645-ஆம் ஆண்டிலே அவர் சீனத் தலைநகரை அடைந்தார். பேரரசரே வரவேற்றார்; பெயரும் புகழும் பெருகின. அப்போதும் ஆற்றோடு போனவற்றை அவர் மறக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 654-ஆம் ஆண்டில் இந்தியத் துறவியர்க்கு அவர் வரைந்த கடிதத்திலே, சிந்து நதியில் ஒரு சுமை நூல்களை இழந்ததைக் குறிப்பிட்டு, அவற்றின் பெயர்ப் பட்டியலையும் இணைத்து, வாய்ப்பு நேருமாயின் அனுப்பி உதவுமாறு வேண்டினார். ஆற்றிலே போன நூல்களின் பெயர்கள் அவர் கைவசம் இருந்தன. ஆகவே கேட்க முடிந்தது.

இந்த இடத்துக்கு வந்தபோது, “நம்பரை எழுதி வச்சிருக்கீங்களா?” என்ற குரல் எம் செவியிலே மீண்டும் ஒலித்தது.

கடலில் எறிந்த குடம்

யுவான் சுவாங் காஞ்சி வரை வந்தும், ஈழத்திலே அரசர் மறைவும் பஞ்சமும் நேர்ந்ததைக் கேள்வியுற்று, இங்கு வராமலே திரும்பினார். அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட பாகியானோ இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். 399-ஆம் ஆண்டிலே தோழர் சிலருடன் சீனாவை விட்டுப் புறப்பட்டார்; ஈழம் வந்து சேர்ந்தபோது தனியராக இருந்தார். சிலர் வழியில் மாண்டனர்; சிலர் இடையிலே பிரிந்தனர். அநுராதபுரத்திலே ஒரு வணிகர் காணிக்கையாகச் சார்த்திய சீன வெண்பட்டு விசிறியைக் கண்டதும், தாய்நாட்டு நினைவு மேலிட்டு அவர் கண்ணீர் உகுத்தார். அங்கே அவர் கண்டு எழுதிவைத்த புத்தர் பிரானின் புனித தந்தத் திருவிழாவை நினைத்தால், இன்று கண்டியிலே நடைபெறும் எசல பெரஹரா எம் மனக்கண்முன் தோன்றும்.

இத்தீவிலே கிடைத்த அரிய நூல்களுடன் அவர் வணிகர் கப்பல் ஒன்றில் ஏறினார். இருநூறு பேருக்கு மேல் இருந்த அக்கப்பல் புயலிலே சிக்கி ஓட்டையாயிற்று. பாரத்தைக் குறைக்க வணிகர் சரக்குகளைக் கடலில் எறியத் தொடங்கினர். பாகியான் தம் நீர்க் குடத்தையும் கழுவுங் கலத்தையும் தாமே எடுத்து எறிந்தார். நூல்களையும் திருவுருவங்களையும் மட்டும் பற்றிக்கொண்டு, இவற்றையும் வணிகர் எறியச் சொல்வரோ என்று அஞ்சிப் பிரார்த்தித்தவண்ணம் இருந்தார். பதின்மூன்று நாட் புயலின் பின் ஒரு தீவிலே ஓட்டை அடைக்கப்பட்டது. பல இன்னல்களைக் கடந்து, 412-ஆம் ஆண்டில் நூல்களுடன் சீனக் கரையை அடைந்தார்.

எதை எறியலாம், எதை எறியலாகாது என்பதைப் புயல் வருமுன்னரே அவர் மனத்திலே பிரித்து வைத்திருந்தார் போலும். நாமோ குடையைக் காத்து, பத்திரத்தை எறிந்துவிட்டு வந்தோம்.

கண்டி இழந்தவை

தனி மனிதர் மாத்திரமன்றி, நகரங்களும் பொருளை இழந்து மீட்பதுண்டு. கண்டி மாநகரே இதற்குச் சான்று. 1693-ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அளித்த சிம்மாசனம், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815-இல் சிறைப்பட்டபோது ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. மன்னன் வேலூர்க் கோட்டையிலே காவலில் இருந்து மறைந்தான். சிம்மாசனமோ 1934-ஆம் ஆண்டிலே திரும்பி வந்தது. இன்று அதனைக் கொழும்பு நூதனசாலையிலே காணலாம்.

அதற்கும் முன்னர், 1765-இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிய காலை, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி ஒன்றும் அவர்கள் வசமாயிற்று. லெவ்கே திசாவை மன்னனுக்குக் காணிக்கையாக அளித்தது அது. ஆம்ஸ்டர்டாம் நகர நூதனசாலையிலே அது நெடுங்காலம் இருந்தது. எங்கிருந்து, எவ்வாறு வந்ததென்று இரு நாட்டு ஆராய்ச்சியாளரும் ஆராய்ந்து தெளிந்த பின்னர், வாட்களும் துப்பாக்கிகளும் உட்பட மேலும் ஐந்து பொருள்களுடன் 2023-ஆம் ஆண்டிலே இலங்கைக்கு மீண்டது. 258 ஆண்டுகள்! அத்தனை காலத்தின் பின்னரும் அதனை வீட்டுக்கு அழைத்து வந்தவை, எழுதி வைத்த பதிவுகளே அன்றோ?

மும்மொழிக் கல்

கொழும்பு நூதனசாலையிலே மற்றுமொரு பொருள் உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு அது. பொன், வெள்ளி, பட்டு, வாசனைப் பொருள் என்று காணிக்கைகளின் பட்டியலைச் சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறித்திருக்கிறார்கள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. பிற்காலத்திலே அக்கல்லே தொலைந்துபோய், காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. 1911-இல் அதைப் புரட்டிப் பார்த்தபோது எழுத்துக்கள் பேசின. கல் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது.

எம் மாணவியின் உறைக்கும் அதுவே நிகழ்ந்தது.

புதன்கிழமை காலை கல்லூரி வாயிலிலே சிங்கள முதியவர் ஒருவர் வந்து நின்றார். மாத்தளைப் பக்கத்து மரக்கறி வியாபாரி. சனிக்கிழமை பிற்பகல் சந்தையிலிருந்து வெறுஞ் சாக்குகளுடன் அதே பஸ்ஸிலே சென்றிருக்கிறார். தட்டிலிருந்து சாக்குகளை இழுத்தபோது எம் பையும் அவற்றோடு சுருண்டு சென்றுவிட்டது. செவ்வாய் இரவு சாக்குகளை மடிக்கும்போதே கண்டாராம். தொலைபேசி இலக்கம் மழை நீரிலே கரைந்து போயிருந்தது. கல்லூரியின் பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்.

“மஹத்தயா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது” என்று அவர் சிங்களத்திலே கூறினார். “ஆனால் பாட்டனாரின் பத்திரம் என்று எங்கள் எழுத்திலும் இருந்தது. என் வீட்டுப் பெட்டியிலும் பாட்டனாரின் காணி உறுதி ஒன்று இருக்கிறது.”

பஸ் கட்டணத்தை அவர் வாங்க மறுத்தார். ஒரு கோப்பைத் தேநீர் அருந்தினார். அம்மாணவி வகுப்பிலிருந்து ஓடி வந்து, அவர் காலைத் தொட்டு வணங்கினாள். நாம் நகைத்த அந்த மும்மொழிக் காவலே பத்திரத்தைக் காத்தது என்பதை அவள் முன்னிலையிலே ஒப்புக்கொண்டோம்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இன்று எம் மாணவர் பலர் மருத்துவமும் பொறியியலும் கற்கச் சீனாவுக்கே செல்கின்றனர். முதுகுப் பையுடன் நகர் நகராகச் சுற்றும் ஆசையும் அவர்களுக்கு உண்டு. சென்று வாருங்கள். ஆனால், கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை வேறு பையிலும், மற்றொன்றை வீட்டாரிடமும் வையுங்கள். காசு முழுவதையும் ஓரிடத்தில் வைக்க வேண்டாம். தங்கும் இடத்தின் முகவரியைச் சீன எழுத்திலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்டெடுப்பவன் வாசிக்கக்கூடிய எழுத்திலே உங்கள் பெயரும் இருக்கட்டும். பொருள் தொலைந்தால் வெட்கத்தினால் தாமதியாதீர்கள். சீனாவிலே பொலிஸாரை அழைக்கும் இலக்கம் 110, இலங்கையிலே 119. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலிலே பொலிஸ் முறைப்பாடு, அடுத்து எமது நாட்டுத் தூதரகம். இவ்வளவையும் செய்தபின், மனிதரை நம்புங்கள். பஞ்சாபிலே சங்கு ஊதிய உழவரும், மாத்தளையிலிருந்து வந்த முதியவரும் எந்நாட்டிலும் உளர்.

பத்திரத்தை அன்று மாலையே தோட்டத்துக்குக் கொண்டு சென்றோம். கண்காட்சிக்குப் பிரதி மட்டும் போதும் என்று கூறினோம். தந்தையார் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, விளக்கின் அருகே பிடித்து, முதலிலே அந்த இலக்கத்தைத்தான் பார்த்தார். ஒவ்வோர் எண்ணாக அவர் உரக்க வாசிக்க, மகள் தன் கொப்பியிலே எழுதினாள். நாமும் எமது நாட்குறிப்பிலே எழுதிக்கொண்டோம். பின்னர் தாள் தகரப் பெட்டிக்குள் சென்றது.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள். உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறவுங்கள். உள்ளே இருப்பவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளிலே எழுதுவியுங்கள். எழுதும்போது அவர்கள், “இது யாருடையது? எப்படிக் கிடைத்தது?” என்று கேட்பார்கள். அக்கேள்விகளுக்கு விடை சொல்ல வல்லவர் வீட்டில் இருக்கும்போதே அதனைச் செய்துவிடுங்கள்.